நேர்மையாகத் தொங்கியவர்

அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் எண்பது என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்தது ஸ்டோர் கீப்பராக. நட்டு, போல்ட்டு, வலைக்கயிறு, எஞ்சின் ஆயில் என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் "இல்லை" என்று சொல்லி, கேட்டவர் முகம் வாடிய பிறகு எடுத்துக் கொடுக்கிற பதவி. அதிகாரம் என்று அவருக்கு வாழ்க்கையில் வாய்த்தது அந்த "இல்லை" ஒன்றுதான். அதையும் யாரும் மதிக்கவில்லை. பின்வாசல் வழியாக வந்து தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பட்டறையில் தயாரானது பறக்கிற சாமான். முதுகில் மாட்ட ஒரு எஞ்சின், எஞ்சினுக்குப் பின்னால் ஒரு விசிறி, விசிறியில் விரல் போய்விடாதபடி வலை கட்டிய ஒரு வட்டக் கூண்டு, தலைக்கு மேலே துணியில் ஓர் இறக்கை. சக்கரம் கிடையாது. இத்தனையையும் சுமந்துகொண்டு மைதானத்தில் ஓடினால், ஓட்டத்தில் ஒரு கட்டத்தில் கால் தரையை விட்டுவிடும். விளம்பரத் தாளில் "பறவையின் சுதந்திரம்" என்று போட்டிருந்தது. பறவைக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டியதில்லை என்பதைப் போட இடம் போதவில்லை போலும்.

இந்த மெஷினை வரைகிறவர் டிசைனர் மேடம். காதில் ஒரு பென்சில், கொண்டையில் ஒரு பென்சில், மேஜை முழுக்கத் தேடுவது இன்னொரு பென்சிலை என்று இருப்பவர். அவருக்குத் தலைவலி கொடுத்தது எஞ்சினும் இல்லை, விசிறியும் இல்லை, மனுஷன். எஞ்சினுக்கு எங்கே எவ்வளவு கனம் என்று அளந்துவிடலாம். மனுஷனுக்கு எங்கே எவ்வளவு கனம் என்று யாரும் முத்திரை குத்தி அனுப்புவதில்லை. ஆகாயத்தில் ஏறியதும் ஆளும் மெஷினும் சேர்ந்து தோளுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு கொக்கிகளில்தான் தொங்கும். கொக்கியை மாட்டுகிற கம்பியில் வரிசையாக ஓட்டைகள். கொக்கி சரியான ஓட்டையில் இருந்தால் ஆள் ஒழுங்காக உட்கார்ந்து ஊரைப் பார்ப்பான். தப்பான ஓட்டையில் இருந்தால் ஒன்று முன்னால் கவிழ்வான், இல்லாவிட்டால் மல்லாக்கச் சாய்வான். கவிழ்ந்தால் விசிறி அவனைத் தரையைப் பார்த்துத் தள்ளும். ரொம்ப மல்லாந்தாலோ இன்னும் மோசம்: விசிறி ஒரு பக்கம் சுற்ற, ஆளை அது மறுபக்கம் திருகும். தலைக்கு மேலே கயிறுகள் ஜடை மாதிரி பின்னிக்கொள்ளும். அதற்கப்புறம் எந்தக் கயிற்றை இழுத்தாலும் இறக்கை காதில் வாங்காது.

ஆகவே ஒவ்வொரு மெஷினையும் உத்தரத்தில் தொங்கவிட்டு, அதில் ஓர் ஆளை உட்காரவைத்து, சாய்வைக் கருவியில் பார்த்து, சரியான ஓட்டையில் கொக்கியைப் பூட்டி, மற்ற ஓட்டைகளைப் பெயிண்ட் பூசி அடைத்துவிடுவார்கள். வாங்குகிறவர் அதைத் தொடக்கூடாது.

யாரைத் தொங்கவிடுவது? மணல் மூட்டையை வைத்துப் பார்த்தார் மேடம். மூட்டை உட்காரவில்லை, சரிந்தது. டெஸ்ட் பைலட்டைத் தொங்கவிட்டார். டெஸ்ட் பைலட் வேறு யாருமில்லை, எண்பதுடைய மனைவியின் தம்பி. ஸ்டோர் வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"நீ வேணாம், இறங்கு" என்றார் மேடம்.

"ஏன் மேடம், நல்லாத்தானே உட்காந்திருக்கேன்?"

"அதுதான் பிரச்சினை. பறக்கத் தெரிஞ்சவன் தொங்கினா பொய் சொல்வான். உனக்கே தெரியாம காலை நீட்டுற, இடுப்பை வளைக்கிற, என் மெஷினோட தப்பையெல்லாம் நீயே சரி பண்ணிக்கிற. எனக்குப் பொணம் மாதிரித் தொங்குற ஆள் வேணும்."

"அப்படிச் சொல்லுங்க. ஸ்டோர்ல எங்க மாமா இருக்காரு. வீட்டுலயும் அவரு அப்படித்தான்."

ஸ்டோரிலிருந்து வரவழைத்து எடை மேடையில் ஏற்றினார்கள். எண்பது கிலோ. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேடம் அவரைச் சுற்றி வந்து பார்த்தார். உயரம் நடுத்தரம். கால் நடுத்தரம். தொப்பைகூட நாட்டில் சராசரியாக எல்லோருக்கும் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. உட்காரவைத்தால் கை எங்கே வைத்தோமோ அங்கேயே இருந்தது.

"சார், இவ்வளவு சராசரியா ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்ல!" என்றார் மேடம். அவர் குரலில் இருந்தது கலப்படமில்லாத பக்தி.

வேறு யாராவதாக இருந்தால் இதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு யூனியனுக்குப் போயிருப்பார்கள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்த பட்டியலிலும் அவர் பெயர் இருந்ததில்லை, பாராட்டிய பட்டியலிலும் இருந்ததில்லை. பெண் பார்க்கப் போனபோது பெண் வீட்டார் வெகுநேரம் யோசித்து, "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லியனுப்பினார்கள். குரூப் போட்டோக்களில் அவருடைய முகத்தில் பாதி எப்போதும் யாரோ ஒருவரின் காதுக்குப் பின்னால் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு, அந்தச் சராசரிக்காகவே ஒரு நாற்காலி, அதுவும் ஆகாயத்தில் தொங்குகிற நாற்காலி கிடைத்தால்?

அன்றிலிருந்து பட்டறைக்கு அளவுகோல் அவர்தான். "நீங்கதான் சார் நேர்மையாத் தொங்குறீங்க" என்பார் மேடம். அவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்து பலகையில் கோடு இழுத்து, அந்தக் கோட்டைத்தான் எல்லா வரைபடங்களிலும் பைலட்டாகப் போட்டார். விளம்பரத் தாளில் மேகங்களுக்கு நடுவே கறுப்பு நிழலாகப் போவதும் அதே கோடுதான், தொப்பை உட்பட. வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்தத் தாள் கைக்கு வந்துவிடும்.

"பறந்து உயிரைக் குடுக்கிறவன் என் தம்பி. படத்துல போறது நீங்களா?" என்று கேட்பாள் மனைவி.

"யாரு வேணா பறக்கலாம்டி. அளவா இருக்கிறது எத்தனை பேரால முடியும்?"

சில வருஷம் இப்படி ஜோராகப் போயிற்று. அப்புறம் பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போனது. பிறகு இன்னொன்று. முதலில் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட்டார். புது பெல்ட் வாங்கினார். அதுவும் மோசம் செய்தது. தொங்குகிற நாளில் மேடையில் ஏறும் முன் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துப் பார்த்தார். தாகம் எப்படியும் இருந்தது, ஆகவே கஷ்டமாக இல்லை. மனைவி பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் சர்க்கரை என்று மாத்திரை எழுதினார் டாக்டர்.

"எடையைப் பத்திக் கவலைப்படாதீங்க. இப்ப இருக்கிறதுதான் உங்களுக்குச் சரியான எடை. இப்படியே வெச்சுக்கோங்க."

"டாக்டர், எனக்கு எண்பது வேணும்."

"எல்லாரும் குறைக்கணும்னு வந்து அழுவாங்க. நீங்க ஒருத்தர்தான் குறைஞ்சு போச்சுன்னு அழறீங்க!" டாக்டர் சிரித்தார். வெளியே காத்திருந்த அடுத்த நோயாளிக்கு அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மேடத்திடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஸ்டோர் வேலை போகாது. சம்பளம் போகாது. வேறு யாராவது ஒரு எண்பது கிலோ வரும். பலகையில் புதுக் கோடு இழுப்பார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பட்டறைக்கு எதிரே டயர் கடை. சக்கரம் ஆடாமல் இருக்க ஓரத்தில் ஒட்டுகிற ஈயக் கட்டிகள் அங்கே டப்பா டப்பாவாகக் கிடக்கும். கொஞ்சம் வாங்கி வந்தார். எங்கே வைப்பது? மார்பிலும் இடுப்பிலும் பட்டைகள் இறுக்கும், கட்டி உறுத்தும், வெளியே தெரியும். பட்டை படாத இடம் தொடையின் மேல்பக்கம் ஒன்றுதான். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து பேன்ட்டுக்கு உள்ளே, இரண்டு தொடையிலும், நீளமாகப் பை தைத்துக் கொடுத்தாள்.

"உங்களைக் கிலோ கணக்குல விக்கிறாங்களா என்ன? எதுக்கு இவ்வளவு பாடு?"

"எடைதானே கேக்கிறாங்க? எடை இருக்கு. எங்க இருந்தா என்ன, எடை எடைதான்."

இதை ஒரு புத்திசாலித்தனமாகவே அவர் நினைத்தார். மேடையில் முள் எண்பதில் நின்றது. மேடம் அவரைத் தொங்கவிட்டார், சாய்வு பார்த்தார், "கொஞ்சம் முன்னால குனியுது" என்று கொக்கியை ஓர் ஓட்டை முன்னால் மாற்றினார், பெயிண்ட் பூசினார். உடம்பு இளைக்க இளைக்கப் பையில் ஈயம் ஏறியது. அந்த மாதங்களில் தயாரான மெஷின்கள் எல்லாம் பெட்டியில் ஏறி, வாங்கினவர்கள் வீட்டுக்குப் போயின. வாங்கியவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவன் மைத்துனன்.

அப்புறம்தான் அந்தப் புது மாடல் வந்தது. எஞ்சின் பெரிசு, விசிறி பெரிசு, முதலாளியின் பேச்சு எல்லாவற்றையும் விடப் பெரிசு. மறுநாள் காலையில் மைத்துனன் அதை முதன்முதலாக ஏற்றுவதாக ஏற்பாடு. முந்தின நாள் முதலாளி சில வியாபாரிகளைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எண்பது அப்போது புது மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தார். கொக்கி பூட்டி, பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

"இவருதான் எங்க ஸ்டாண்டர்டு" என்றார் முதலாளி, கண்காட்சியில் மாட்டைக் காட்டுகிற தோரணையில். எண்பது தொங்கியபடியே வணக்கம் வைத்தார்.

வியாபாரிகளில் ஒருவருக்குச் சந்தேகம். "எடை ஒண்ணுதானே முக்கியம்? எண்பது கிலோ மூட்டையே போதாதா?"

மேடத்துக்கு இது பிடித்த கேள்வி. பக்கத்தில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து எண்பதுடைய மடியில் வைத்தார். கருவியில் எண் மாறியது. எல்லோரும் பார்க்க, ஹெல்மெட்டை எடுத்தார். எண் பழையபடி நின்றது.

"பாத்தீங்களா? ஒரு ஹெல்மெட்டுதான். வயித்தோட ஒட்டி இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. மடியில இருக்கிற எடைதான் ஊரை ஏமாத்தும். எவ்வளவுங்கிறதை விட எங்கங்கிறதுதான் விஷயம்."

வியாபாரிகள் தலையாட்டினார்கள். எண்பது மட்டும் தலையாட்டவில்லை. மடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தாயிற்று. அதற்குக் கீழே, துணிக்குள்ளே, நாலு கிலோ ஈயம் சுகமாக உட்கார்ந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். "மேடம்..." என்றார்.

"என்ன சார், இறங்கணுமா?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரிகள் கையில் விளம்பரத் தாள். தாளில் அவருடைய தொப்பை. அசலில் அந்தத் தொப்பை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

"ஆமா மேடம். கால் மரத்துப் போச்சு."

அன்று சாயங்காலம் மைத்துனன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தட்டு முன்னால் உட்கார்ந்து எண்பது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மாப்ள, நாளைக்குக் காத்து சரியில்லைங்கிறாங்களே."

"யாரு சொன்னா? இந்த மாசத்துலயே நாளைக்குத்தான் நல்ல காத்து."

"ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். மடியில எடை இருந்து கொக்கி மாட்டிட்டாங்கன்னு வை. அதை எந்தப் பக்கம் மாத்தணும்? முன்னாலயா, பின்னாலயா?"

மைத்துனனுக்குப் புரையேறியது. "அக்கா, கேட்டியா? மாமா டிசைனர் ஆயிட்டாரு! மேடம் ஜாக்கிரதையா இருக்கணும்."

"அதெல்லாம் இல்லடா, சும்மா..."

"மாமா, நீங்க தொங்கினா அது சரியாத்தான் இருக்கும். உங்களை நம்பித்தானே நான் ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு, அக்காவிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். பதில் சொல்லவில்லை. கேள்வி வேடிக்கை என்று அவன் எடுத்துக்கொண்டதால், இரண்டாம் தடவை கேட்க எண்பதுக்கு வழியில்லாமல் போயிற்று.

காலையில் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனார். ஸ்டோர் சாவி அவரிடம், ஸ்பேனர் அவரிடம். புது மெஷின் எதிரில் நின்றார். ஓட்டையில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு கொக்கியை ஓர் ஓட்டை நகர்த்தினால் போதும். எந்தப் பக்கம்? மடியில் கனம் இருந்தால் முன்னால் குனியும். குனிந்ததை நிமிர்த்த மேடம் முன்னால் தள்ளினார். ஆகவே கனம் இல்லாவிட்டால்... அந்த இடத்தில் அவருக்கு ஒவ்வொரு தடவையும் கணக்கு தலைகீழாகிவிட்டது. தப்பான பக்கம் நகர்த்தினால் அவன் இன்னும் மோசமாகப் போவான். வருஷக்கணக்கில் அந்தக் கொக்கியில் தொங்கியவர். அது என்ன செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அளவுகோலுக்கு எதற்கு அளவு தெரிய வேண்டும்? வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்பேனரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குள் போய்விட்டார்.

மைதானத்தில் அவர் வேலியோரம் நின்றார். மைத்துனன் ஓடினான். இறக்கை தலைக்கு மேலே எழும்பியது. கால் தரையை விட்டது. முதலாளி கைதட்டினார். வியாபாரிகள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எஞ்சின் முழுச் சத்தத்துக்குப் போனதும், அவன் ஈஸிசேரில் சாய்கிறவன் மாதிரி மல்லாந்தான். காலை உதைத்து நிமிரப் பார்த்தான். உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பியது. அவன் பார்த்துக்கொண்டிருந்த திசையும் இறக்கை போகும் திசையும் வேறு வேறாயின. தலைக்கு மேலே கயிறுகள் முறுக்கிக்கொண்டன. எஞ்சின் நின்றது, அவனே அணைத்திருப்பான். மரம் அளவு உயரத்திலிருந்து, ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்து விழுந்தான்.

உயிர் இருந்தது. வலது கால் இரண்டு இடத்தில் போயிற்று. முதுகெலும்பில் விரிசல். நடப்பானா என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

முதலாளி அன்றைக்கே முடிவுக்கு வந்துவிட்டார். "பெரிய எஞ்சின். பழக்கதோஷத்துல முழுசா முடுக்கிட்டான். பைலட் தப்பு." வியாபாரிகளுக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. ஒத்துக்கொள்ளாதவர் மேடம் ஒருவர்தான். விழுந்த இடத்திலிருந்து கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, வேறொரு கூண்டில் அதே ஓட்டையில் பூட்டி, எண்பதைக் கூப்பிட்டு அனுப்பினார். கண் வீங்கியிருந்தது. காதில் பென்சில் இல்லை.

"சார், ஒரு தடவை ஏறுங்க. என் தப்பா இருந்தா எனக்குத் தெரியணும். உங்களைத் தவிர யாரையும் நான் நம்பலை."

இந்த இடத்தில், வாசகர் ஒருவேளை எதிர்பார்க்கிறபடி, நம் ஆள் அந்த ஈயத்தை எடுத்து மேஜை மேல் வைத்து அழுதிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! காலையில் அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். வேறு பேன்ட் கொடியில் காய்ந்துகொண்டுதான் இருந்தது. பழக்கம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஏறினார். பட்டையை இறுக்கினார்கள். கால் தரையை விட்டது. கருவியில் எண் ஆடி ஆடி, இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக வந்து நின்றது.

மேடம் நீளமாக மூச்சு விட்டார். "டிசைன் சரியா இருக்கு" என்றார். "அப்போ அவன்தான். சே, பாவம்."

ஆக, ஒரே தொங்கலில் மேடம் நிரபராதி, முதலாளி தீர்க்கதரிசி, படுக்கையில் கிடக்கிறவன் குற்றவாளி. இவ்வளவு வேலையையும் அவர் கை காலை அசைக்காமல் செய்து முடித்திருந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூலில் இருந்தாள். மைத்துனன் இடுப்பு வரை கட்டோடு கிடந்தான்.

"மாமா," என்றான், "மன்னிச்சிருங்க. புது மெஷினை உடைச்சுட்டேன். நீங்க எவ்வளவு பாடுபட்டு அளவெடுத்துக் குடுத்தது... நான்தான் அவசரப்பட்டு முடுக்கிட்டேன் போல. எவ்வளவு யோசிச்சும் அப்படி முடுக்கின மாதிரி ஞாபகம் வரலை. ஆனா எல்லாரும் சொல்றாங்க. மேடமே சொல்லிட்டாங்களாம்."

எண்பது தலையணை உறையை நீவிவிட்டார். சுருக்கமே இல்லாத உறை.

"மேடம் எப்படிச் சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"மறுபடி... தொங்கவிட்டுப் பார்த்தாங்க."

"யாரை?"

அவள் கணவன் முகத்தைப் பார்க்கவில்லை, பேன்ட்டைப் பார்த்தாள். அவள் கையால் தைத்தது. தூரத்தில் இருந்தே அவளுக்குத் தெரியும்.

"எதைப் போட்டுக்கிட்டுப் போனீங்க?"

"ஏய், இங்க வேணாம். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"எடை எங்க இருந்தா என்னன்னு கேட்டீங்களே. நானும் அதை நம்பித்தான் தைச்சேன். எங்க இருந்தா என்ன ஆகும்? சொல்லுங்க." குரல் உயரவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்குச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு முன்னாலயா பின்னாலயான்னு கேட்டீங்களே, அப்பவே தெரிஞ்சிருக்கு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் சொன்னார். நின்றபடியே, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சர்க்கரை, பெல்ட், டயர் கடை, பை, ஹெல்மெட், ஸ்பேனர், இன்று காலை என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது திட்டு வரும் என்று கழுத்தைக் கொஞ்சம் குனிந்தே வைத்திருந்தார். அடி விழுந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். உண்மையில் அதற்கு ஒரு ஆசையே இருந்தது.

மைத்துனன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனை நாளா?" என்றான்.

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்போ மத்த மெஷின்?"

எண்பதுக்குப் புரியவில்லை.

"நீங்க தொங்கி, பெட்டி கட்டி அனுப்பின மத்த மெஷின் எல்லாம்? அதுல ஆளுங்க பறந்துக்கிட்டு இருக்காங்க. சின்ன எஞ்சின், அதனால இதுவரைக்கும் தப்பிச்சிருக்காங்க. ஒரு நாள் காத்து முரண்டு பிடிச்சா..." கையை நீட்டினான். "அக்கா, என் போனை எடு."

"முதலாளிகிட்ட சொல்லி முறைப்படி..." என்று ஆரம்பித்தார் எண்பது.

"அவரு வக்கீலைக் கேட்டு, வக்கீல் யோசிச்சு, தபால் போறதுக்குள்ள மாசம் ஆயிடும். நாளைக்குக் காலைல பறப்பாங்க இவங்க. எல்லாருக்கும் நான்தான் கத்துக்குடுத்தேன், எல்லார் நம்பரும் என்கிட்ட இருக்கு. அக்கா, நீ மேடத்துக்குப் பேசு."

மனைவி வராந்தாவுக்குப் போனாள். சீக்கிரமே திரும்பி வந்தாள். "கேட்டுக்கிட்டாங்க. ஒண்ணுமே பேசலை. வெச்சுட்டாங்க."

மைத்துனன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. படுத்தபடியே ஒரு நம்பரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான்.

"மாஸ்டர்! உடம்பு எப்படி இருக்கு? கேள்விப்பட்டோம், மனசே சரியில்ல" என்றது ஒரு உற்சாகமான குரல்.

"இருக்கேன் சார். இங்க ஒருத்தர் உங்ககிட்ட பேசணுமாம்." போனை எண்பதுடைய முகத்துக்கு நேரே நீட்டினான். அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்தான். "சொல்லுங்க."

"நானா?"

"கொக்கியை ஒரு ஓட்டை பின்னால மாத்தணும். மாத்துற வரைக்கும் ஏறக்கூடாது. சொல்லுங்க."

பின்னால். இரண்டே பக்கம்தான் இருந்தது. அதில் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

"சார், வணக்கம். நான் பட்டறையில ஸ்டோர்ல இருக்கேன். உங்க மெஷினைக் கொஞ்ச நாள் எடுக்க வேணாம் சார். கொக்கியை ஒரு ஓட்டை பின்னால தள்ளணும்."

"எதுக்கு? சூப்பரா இருக்கே! இந்த மாதிரி மெஷின்ல நான் உட்காந்ததே இல்ல சார். நல்லா சாஞ்சுக்கிட்டு, சோபாவுல போற மாதிரி. பழசுல முதுகு வலி உயிர் போகும். எங்க க்ளப்புல எல்லாரும் இதே மாதிரி வேணும்னு கேக்கிறாங்க."

"அந்தச் சுகம்தான் சார் தப்பு."

மறுமுனையில் சிரிப்பு. "யாரு சொன்னா, மேடமா?"

"இல்ல சார். நான்தான் சொல்றேன்."

"நீங்க இன்ஜினியரா?"

"இல்ல."

"பறப்பீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி?"

எண்பது கட்டிலின் அடுத்த பக்கம் பார்த்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். "உங்க மெஷின்ல என்னைத்தான் தொங்கவிட்டு அளவு பார்த்தாங்க. அன்னைக்கு என் தொடையில ஈயக் கட்டி இருந்துச்சு. எடை குறைஞ்சது தெரியக்கூடாதுன்னு வெச்சிருந்தேன். அதனால உங்க கொக்கி தப்பு."

மறுமுனையில் வெடிச் சிரிப்பு. "மாஸ்டர்! ஆஸ்பத்திரியில பொழுது போகலைன்னா இப்படியா? தொடையில ஈயமாம்! நல்லா ஆள் பிடிச்சீங்க. உடம்பைப் பாத்துக்கங்க, நாளைக்குக் காலைல நாங்க எல்லாரும் ஏறுறோம், ஏறி இறங்கிட்டுக் கூப்பிடறேன்." போன் கட்டாயிற்று.

எண்பது கையில் போனோடு நின்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே கனமான உண்மையை ஒரு மனுஷன் ஜோக் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"மறுபடி போடுங்க" என்றான் மைத்துனன்.

"நம்ப மாட்டேங்கிறாரே மாப்ள."

அந்த மாப்ளைக்கு அவன் திரும்பவில்லை. "நம்புற வரைக்கும் போடுங்க. அவரு முடிஞ்சா அடுத்த ஆளு. இந்தத் தடவை சிரிக்க இடம் குடுக்காதீங்க. நான் எங்கெங்க உடைஞ்சு கிடக்கேன்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறம் ஈயம்."

அவர் அழுத்தினார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.